போர்ட் மூடியிருக்கிறது என்று நான் சொன்ன நாள்

திருவொற்றியூரைத் தாண்டி, எண்ணூர் போகும் சாலையில் இருக்கிற ஒரு கன்டெய்னர் யார்டில் எனக்கு வேலை. கப்பல் ஏறப் போகிற பெட்டிகளும் கப்பலிலிருந்து இறங்கிய பெட்டிகளும் இரண்டு மூன்று நாள் தங்கிப் போகிற இடம். கரண்டில் ஓடுகிறவற்றில் கிரேனையும் விளக்கையும் கழித்துவிட்டால் மிச்சமெல்லாம் என் தலையில்தான்: கம்ப்யூட்டர், கேமரா, எடை மேடையின் ஸ்க்ரீன், வைஃபை, பிரிண்டரில் சிக்கிக்கொள்ளும் பேப்பர். மாத்தூரிலிருந்து ஸ்கூட்டரில் வருவேன். டிரெய்லர்களுக்கு நடுவே ஓட்டி வந்து முகம் கழுவினால் தண்ணீர் கறுப்பாகப் போகும். மாடியில் எனக்கு ஏசி அறை. அந்த ஏசியும் எனக்காக வைத்ததில்லை, சர்வருக்காக.

கேட்டில் ஒருத்தி இருந்தாள். உள்ளே வருகிற, வெளியே போகிற ஒவ்வொரு லாரியின் நம்பரையும் பெட்டியின் நம்பரையும் கம்ப்யூட்டரில் ஏற்றிச் சீட்டு அடித்துக் கொடுப்பது அவள் வேலை. வியாசர்பாடிக்காரி, என் வயதுதான் இருக்கும். நான் சேர்ந்த முதல் நான்கு மாதம் அவளை எனக்குக் குரலாக மட்டும்தான் தெரியும். தினமும் பிற்பகல் நான்கு மணி ஆனால் இன்டர்காம் அடிக்கும்.

"மேடம், நின்னுபோச்சு."

"ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?"

"ரெண்டு தபா பண்ணிட்டேன். வட்டம் சுத்திகினே கீது. நீங்க ஏசில குந்திகினு கேள்வி கேளுங்க. நான் இங்க டிரைவருங்க கைல திட்டு வாங்கிகினு கீறேன்."

அந்த 'மேடம்' என்ற சொல்லில் மரியாதை ஒரு சொட்டுகூட இருக்காது.

அவளைக் குறை சொல்ல முடியாது. கேட்டின் கம்ப்யூட்டர் நகரத்துக்குள் இருக்கிற தலைமை அலுவலகத்தோடு பேசினால்தான் சீட்டு வரும். மற்ற நேரத்தில் அரை நிமிடத்தில் வருகிற சீட்டு, நான்கு மணியிலிருந்து ஐந்தரை வரை ஆமை மாதிரி வரும். லாரி வரிசை பஞ்சர் கடை, டீக்கடை எல்லாம் தாண்டி வளைவு வரை போய்விடும். ஹாரன் சத்தம் என் ஏசி அறைக் கண்ணாடியையும் தாண்டிக் கேட்கும்.

மேனேஜருக்கு இதற்கான காரணம் விசாரிக்காமலே தெரிந்திருந்தது. கேன்டீன் பக்கம், யார்டு ஆட்களுக்கும் காத்திருக்கிற டிரைவர்களுக்கும் வைஃபை கொடுத்திருந்தோம். "நாலு மணிக்கு ஷிஃப்ட் மாறுது. எல்லாரும் உக்காந்து படம் பாக்கறாங்க. அதைக் கட் பண்ணிடுங்க, சரியாயிடும்" என்றார்.

ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வண்டி ஓட்டி வந்தவர்கள் அந்த வைஃபையில்தான் வீட்டுக்கு வீடியோ கால் பேசுவார்கள். பிள்ளையின் முகத்தை ஸ்க்ரீனில் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறவர்களை நான் தினமும் தாண்டிப் போகிறவள். "ஒரு வாரம் குடுங்க சார். யார் எவ்வளவு எடுக்கறாங்கன்னு கணக்கோட காட்டறேன்" என்றேன். மனமில்லாமல் தலையாட்டினார்.

எப்படிக் காட்டப் போகிறேன் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் ரௌட்டர் வழியாக எது போனாலும் வந்தாலும் அது ஒரு குறிப்பு எழுதும்: எந்த மெஷினிலிருந்து எந்த மெஷினுக்கு, எந்த வழியில், எவ்வளவு. உள்ளே இருந்தது என்ன என்று எழுதாது. இந்தக் குறிப்புகளுக்கு ஃப்ளோ என்று பெயர். ரௌட்டர் அவற்றைத் தலைமை அலுவலகத்தில் இருக்கிற கண்காணிப்பு மெஷினுக்கு அனுப்பினால், அங்கே சென்சார் என்கிற ஒரு நிரல் அவற்றைத் தினுசு தினுசாகப் பிரித்துக் கூட்டி, வண்ண வண்ணமாகப் படம் போட்டுக் காட்டும். கூடவே வருகிற ரெடிமேட் சென்சாருக்கு இணையம், மெயில் என்று நாலைந்து தினுசுதான் தெரியும். தெரியாததை எல்லாம் 'மற்றவை' என்று சாம்பல் நிறத்தில் ஒதுக்கிவிடும். எங்கள் யார்டின் படத்தில் அந்தச் சாம்பல் நிறம்தான் முக்கால்வாசி. ஆகவே எங்களுக்கென்று ஒரு சென்சாரை நானே விதி எழுதிச் செய்வது என்று இறங்கினேன்.

விதி எழுதுகிற வேலை எனக்குப் பிடித்திருந்தது. இந்த மெஷினிலிருந்து கிளம்பினால் அது கேட். இந்த வரிசை எண்களிலிருந்து வந்தால் கேமரா. இது எடை மேடை. இது கேன்டீன் வைஃபை. ஒரு முழு நாள் டீ ஆறிப்போவது தெரியாமல் எழுதி, சென்சாரை ஓடவிட்டேன். படத்தில் ஒன்றுமே வரவில்லை. சாம்பல் நிறம்கூட இல்லை, தட்டையான ஒரு கோடு. மறுநாளும் அதே கோடு.

ரௌட்டர் இருப்பது கேட் கேபினில். ரோட்டிலிருந்து கேபிள் உள்ளே நுழைவது அங்கேதான். மூன்றாம் நாள் காலை லேப்டாப்போடு இறங்கிப் போனேன். கேபின் கதவைத் திறந்தால், ரௌட்டர் மேல் ஒரு டிபன் பாக்ஸ் உட்கார்ந்திருந்தது.

"இது என்னங்க?"

"சாப்பாடு மேடம்." அவள் ஸ்க்ரீனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அந்தப் பொட்டி சூடாவே கீது. வெச்சா மதியம் வரிக்கும் கொழம்பு ஆறாது."

டிபன் பாக்ஸை எடுத்து ஜன்னலோரம் வைத்தேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். 

ரௌட்டரில் எல்லாம் சரியாக இருந்தது. குறிப்புகள் ஒழுங்காகக் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தன. எங்கள் தொழிலில், மெஷினுக்குள் நுழைய எண் போட்ட வாசல்கள் உண்டு. அவற்றை போர்ட் என்போம். என் புது சென்சாருக்கென்று நான் புதிதாக ஒதுக்கிய வாசலைத் தலைமை அலுவலகத்து மெஷினின் பாதுகாப்பு மென்பொருள் சாத்தி வைத்திருக்கிறது என்று புரிந்தது. அங்கே நெட்வொர்க் பார்க்கிறவருக்குப் போன் செய்தேன். கேபினில் சிக்னல் இல்லை. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, பெட்டிகளைத் தூக்கி அடுக்குகிற ரீச் ஸ்டாக்கர் வண்டியின் இரைச்சலுக்கு மேலே கத்திப் பேச வேண்டியிருந்தது.

"சார், எங்க பக்கம் ஒரு பிரச்சனையும் இல்ல. போர்ட்டுதான் மூடியிருக்கு. ரெண்டு நாளா ஒண்ணுமே உள்ள போகல." அவர் ஏதோ சொன்னார். "நாளைக்கா? அதுவரைக்கும் எல்லாம் அப்படியே நிக்க வேண்டியதுதானா? யார்கிட்ட கேட்டா தொறப்பாங்க? சரி சார், எழுதிக் குடுத்துடறேன்."

ஜன்னலுக்குக் கீழே ஒரு டிரெய்லர் டிரைவர் சீட்டுக்காகக் கையை நீட்டியபடி நின்றிருந்தார். நான் அவரைக் கவனிக்கவே இல்லை.

கால் மணி நேரம் இருக்கும். வெளியே ஏதோ கசமுசாவென்று இருந்தது. ஹாரன் ஒவ்வொன்றாக ஆரம்பித்து, வரிசை முழுக்கப் பரவியது. டிரைவர்கள் இறங்கிக் கும்பல் கும்பலாக நின்று போன் பேசினார்கள். நடுவில் ஒருவர் அந்தக் குறுகலான சாலையில் தன் நாற்பதடி வண்டியைத் திருப்ப முயன்று குறுக்கே மாட்டிக்கொண்டார்.

"இன்னா நைனா ஆச்சு?" என்று கேட்காரி ஜன்னல் வழியாகக் கேட்டாள்.

"ஹார்பர் மூடிட்டாங்களாம்மா" என்றார் ஒரு பெரியவர். "ரெண்டு நாளாவே மூடித்தான் கீதாம். உள்ள ஒரு பொட்டி போவலயாம்."

"ஸ்ட்ரைக்காம்" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"ஸ்ட்ரைக் இல்ல மாமு, புயலு. கூண்டு ஏத்திட்டாங்களாம். எங்க ஓனரு கைல சொல்லிட்டேன்."

நான் அண்ணாந்து பார்த்தேன். மேகம் என்று பெயருக்குக்கூட ஒன்று இல்லை. வெயில் கன்டெய்னர் தகரத்தில் பட்டுக் கண்ணைப் பறித்தது. இருந்தாலும், கடலோரம் வளர்ந்தவர்களுக்குப் புயல் என்ற சொல் போதும். மறுபடி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் போன் செய்து, மொட்டை மாடித் துணியை எடுத்துவிடு என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

மேனேஜர் மாடியிலிருந்து ஓடி வந்தார். இரண்டு கையிலும் இரண்டு போன். "துறைமுகம் மூடிட்டாங்களாமே, ஏஜென்ட்டுங்க வரிசையா கூப்பிடறாங்க. உங்களுக்கு எதாவது தெரியுமா?"

"எனக்கும் இப்பதான் சார் தெரியும்" என்றேன், முழு நேர்மையோடு.

கேட்காரி தன் நாற்காலியை மெதுவாக என் பக்கம் திருப்பினாள்.

"மேடம்," என்றாள், "நீங்க போன்ல இன்னா பேசினீங்க?"

சொல்ல வாயைத் திறந்தேன். கம்ப்யூட்டருக்குள் நுழைகிற வாசல், அதற்குப் பெயர் போர்ட் என்று ஆரம்பித்து, பாதியிலேயே நிறுத்திவிட்டேன். என் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எழுந்து வெளியே போனாள். முதல் லாரியின் படியில் ஏறி, கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் குரலுக்கு மைக் தேவையில்லை.

"எல்லாம் கேளுங்க. ஹார்பர் தொறந்துதான் கீது. புயலும் இல்ல, ஸ்ட்ரைக்கும் இல்ல. மூடினது எங்க மேடம் கம்ப்யூட்டர்ல ஒரு ஓட்ட. அதுக்குப் பேரு போர்ட்டாம். அவங்க படிச்சவங்க, அப்டித்தான் பேசுவாங்க. வண்டிய நேரா நிறுத்துங்க."

பிறகு வரிசையின் முன்னாலிருந்து ஒரு சிரிப்புக் கிளம்பியது. அது ஒவ்வொரு வண்டியாகப் பின்னால் போய், வளைவில் இருந்தவர்களை எட்டுவதை நான் ஜன்னலில் நின்று கேட்டேன். ஹிந்தி தெரிந்த ஒருவர் மற்றவர்களுக்குச் சொல்ல, அங்கிருந்து இன்னொரு சிரிப்பு. மேனேஜர் என்னைப் பார்த்தார், இரண்டு போனையும் பார்த்தார், திட்ட ஆரம்பித்தவர் அவரும் சிரித்துவிட்டார்.

அவள் கேபினுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு மேசையில் தலையைக் கவிழ்த்துத் தோள் குலுங்கச் சிரித்தாள். நானும் சுவரில் சாய்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.

"வூட்ல துணிய எடுக்கச் சொன்னியே, ஏன்மே?" என்றாள் மூச்சு வாங்க. "நீ சொன்ன பொய்ய நீயே நம்பிட்டியா?"

மேடம் போய் 'மே' வந்தது அப்போதுதான்.

மறுநாள் காலை அந்தப் போர்ட் திறந்தது. தட்டைக் கோட்டின் நுனியில் சின்னதாக ஒரு பச்சை எழும்பியதைப் பார்த்தபோது நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். சொல்வதற்கு அறையில் ஆள் இல்லை. முதல் முறையாக நான் கேட்டுக்கு இன்டர்காம் அடித்தேன்.

"வந்துடுச்சு" என்றேன்.

"மதியம் வரேன், காட்டு" என்றாள்.

அவள் டிபன் பாக்ஸோடு மாடிக்கு வந்தபோது படம் முழுக்க ஒரே பச்சையாக இருந்தது. அது என் தவறு. சென்சார் விதிகளை மேலிருந்து கீழாகப் பார்க்கும். முதலில் எது பொருந்துகிறதோ அதில் போட்டுவிட்டு அடுத்ததைப் பார்க்காது. நான் முதல் விதியை 'யார்டிலிருந்து கிளம்பும் எதுவும்' என்று அகலமாக எழுதி வைத்ததால், மற்ற விதிகளுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. சோறு தின்றபடியே வரிசையை மாற்றினேன். குறுகலான விதிகள் மேலே, அகலமானது கடைசியில். பச்சை உடைந்து ஐந்து நிறமாகப் பிரிந்தது. அவள் கையில் உருண்டையோடு அப்படியே நின்று பார்த்தாள்.

"இதுல என் கேட்டு எது?"

"இந்த நீலம்."

"அப்டின்னா கேட்டுன்னே எழுது. இன்னாத்துக்கு இங்கிலீசுல சுத்தி வளைக்கிற?"

எழுதினேன். அடுத்தடுத்து அவளே பெயர் வைத்தாள். கேமரா. எடை. பசங்க செல்லு. எந்த விதியிலும் அடங்காமல் கடைசியில் மிஞ்சுகிற சாம்பல் நிறத்துக்கு என்ன பெயர் என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை.

"கலீஜ்."

நான்கு மணிக்கு அவள் கேட்டில் இருந்தாள், நான் மாடியில். இன்டர்காமை இறக்கி வைக்காமல் பேசிக்கொண்டே பார்த்தோம். சரியாக நான்கு மணிக்கு, கேமராவின் ஆரஞ்சு நிறம் கிடுகிடுவென ஏறிப் படத்தின் உச்சியைத் தொட்டது. 'பசங்க செல்லு' அதற்குக் கீழே மெலிந்த ஒரு நூல். நீலம் காணாமலே போனது.

"நின்னுபோச்சு" என்றாள் அவள், அங்கிருந்து.

"தெரியுது. பசங்க இல்ல. கேமரா."

கேமராக்களின் பதிவுப் பெட்டி எடை மேடை அறையில் இருந்தது. ஓடிப் போய்ப் பார்த்தேன். அன்றன்றைய பதிவைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப, அதில் வைத்திருந்த நேரம் விடியற்காலை நான்கு மணி. யாரையும் தொந்தரவு செய்யாத நேரம்தான். ஆனால் அந்தப் பெட்டியின் கடிகாரத்தில் அப்போதுதான் விடியற்காலை நான்கு. பொருத்தியவர் ஏஎம், பிஎம்மை மாற்றி வைத்துவிட்டார். நான் சேர்ந்த நாளிலிருந்து எங்கள் பதிவுகளில், பட்டப்பகல் வெயிலின் மூலையில் நடுராத்திரி மணி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை, அதற்குச் சம்பளம் வாங்குகிற நான் உட்பட.

கடிகாரத்தைத் திருத்தி, அன்றைய அனுப்புதலை நிறுத்தினேன். திரும்பி வரும்போது பிரிண்டர் கடகடவெனச் சீட்டுகளைத் துப்புகிற சத்தம் கேபினுக்கு வெளியிலேயே கேட்டது. அவள் இரண்டு கையாலும் கிழித்துக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து ஒரு புருவத்தை மட்டும் தூக்கினாள்.

மேனேஜரிடம் படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "அப்ப வைஃபை இருக்கட்டும்" என்றார். பிறகு தானாகவே கேன்டீனுக்கு நடந்துபோய் அங்கே இருந்தவர்களோடு டீ குடித்தார். எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. அடுத்த மாதம் தலைமை அலுவலகத்தார் வந்தபோது, பெரிய ஸ்க்ரீனில் அந்தப் படத்தை அவரே விளக்கினார். கலீஜ் என்றால் என்ன என்று ஒருவர் கேட்டார். "அது டெக்னிக்கல் வார்த்தை சார்" என்று முகம் மாறாமல் சொன்னார்.

கேமரா கடிகாரத்தைத் திருத்திய அந்த வாரச் சனிக்கிழமையே, வேலை முடிந்து அவளை ஸ்கூட்டரின் பின்னால் ஏற்றிக்கொண்டு வண்ணாரப்பேட்டைக்குப் போனேன். அவளுடைய தங்கை கல்யாணத்துக்கு ரவிக்கைத் துணி எடுக்க வேண்டியிருந்தது. கடை கடையாக ஏறி இறங்கினாள். இருபது துணியை விரிக்கச் சொல்லி, முதலில் பார்த்ததையே எடுத்தாள். கடைக்காரர் பெருமூச்சு விட்டார். கால் வலிக்க வெளியே வந்து, தள்ளுவண்டி ஒன்றின் பக்கத்தில் நின்று பர்மா நூடுல்ஸான அத்தோ சாப்பிட்டோம். வாழைத்தண்டு சூப்பைக் கிண்ணத்தோடு தூக்கிக் குடித்துவிட்டு, எங்கள் வீட்டில் யாருக்கும் என் வேலை என்னவென்று புரியாது என்று அவளிடம் சொன்னேன்.

"எனக்கும்தான் புரியாது" என்றாள். "ஆனா நல்லா கீது. இன்னொரு பிளேட் சொல்லு."