மூன்றாவது பாட்டுக்கு எழுந்தவர்கள்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஒற்றெழுத்து எங்கே வரும் என்பது இன்றும் எனக்குச் சந்தேகம்தான். திருத்திப் படித்துக்கொள்ளுங்கள், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வருடங்களில், கள்ளக்குறிச்சியில் மோட்டார் காயில் சுற்றும் கடையில் வேலை பார்த்தேன். கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஊர் மெல்லிசைக் குழு ஒத்திகை பார்க்கும். அதன் பழைய பாடகர் பாடினால் ரெக்கார்டு ஓடுவது போலவே இருக்கும். அவருக்காகவே நாங்கள் நாற்பது பேர், கச்சேரி எந்த ஊரில் நடந்தாலும் சைக்கிளில் போவோம். அவர் டிரைவர் வேலைக்கு அரபு நாட்டுக்குப் போய்விட்டார். அந்த இடத்துக்கு வெள்ளிமலையிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தார் குழுத் தலைவர்.

டீக்கடையில் சண்டை ஆரம்பித்தது.

“இன்னாடா பாட்டு இது? மலைல மாட்டக் கூப்புடற மாதிரி இழுக்கிறான்,” என்றான் எங்கள் கூட்டத்தை நடத்தியவன், அரிசி மண்டிக்காரர் மகன்.

“நல்லாத்தான் கீது மச்சான். புதுசா கீது, அவ்ளோதான்,” என்றான் எங்களில் ஒருவனான தையற்காரன்.

“புதுசு யாரு கேட்டா? ரேடியோல வர்ற மாதிரியே பாடணும். ஜாஸ்தியும் வேணாம், கம்மியும் வேணாம்.”

“அப்ப ரேடியோவயே மேடைல தூக்கி வச்சிடு. ஒரு மாலையும் போடு.”

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் மண்டிக்காரர் மகன் முடிவைச் சொன்னான். வடக்கனந்தல் திருவிழாக் கச்சேரியில், மூன்றாவது பாட்டில் நாற்பது பேரும் ஒன்றாக எழுந்து வெளியேற வேண்டும். அந்தக் கச்சேரியைப் பார்த்துவிட்டுத்தான் புதியவரை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று முடிவு செய்வதாகக் குழுத் தலைவர் சொல்லியிருந்தார்.

“நீ இன்னா சொல்ற?” என்று என்னைக் கேட்டான். நான் டீ கிளாஸைப் பார்த்தேன். நான் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது அவர்கள் வழக்கம்.

எனக்குச் சம்மதம் இல்லை. தினமும் காலையில் மாடியில் அவர் பாடுவது கீழே எனக்குக் கேட்கும். முதல் ஒரு மாதம் பழையவர் குரலைப் பிடிக்கப் பாடுபட்டார். தொண்டை உடையும், நிறுத்துவார், மறுபடி தொடங்குவார். ஒரு நாள் அதை விட்டுவிட்டுத் தன் குரலிலேயே பாடினார். வரியின் கடைசியில், எதிர்மலையில் நிற்கிறவருக்குக் கேட்க வேண்டும் என்பது போல் குரலைத் திறந்துவிட்டார். எனக்குக் காயிலில் சுற்று எண்ணிக்கை தவறிவிட்டது. சுற்றியதை எல்லாம் பிரித்து முதலிலிருந்து சுற்றினேன். முதலாளி திட்டினார். மறுநாளும் தவறியது.

திருவிழா வந்தது. மறியல்காரர்கள் சாலையில் புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். சைக்கிளைத் தூக்கித் தூக்கிக் கடந்தோம். இருட்டுவதற்குள் கூட்டம் கலைய வேண்டும் என்று போலீஸ் சொல்லிவிட்டதால் கச்சேரியை மதியம் மூன்று மணிக்கே வைத்தார்கள். எப்போதும் இருட்டில் கடைசியில் உட்கார்ந்து கேட்கிறவன் நான். அன்று வெயிலில் ஒளிய இடமில்லை. எழுந்திருக்கப் போவதில்லை என்று வழியிலேயே தீர்மானித்துவிட்டேன்.

மூன்றாவது பாட்டு தொடங்கியது. முப்பத்தொன்பது பேர் சட்டென்று எழுந்தார்கள். தையற்காரனும் எழுந்தான்.

அந்த நாட்களில் அத்தனை ஆண்கள் ஒரே நேரத்தில் எழுந்தால் ஜனங்களுக்கு ஒன்றுதான் தோன்றும்.

“போலீஸு வந்துகினு இருக்குது, ஓடுங்க!” என்று ஒரு பெண் கத்தினாள்.

பிள்ளைகளை வாரிக்கொண்டு கூட்டம் ஓடத் தொடங்கியது. ஒரு பெரியவர் விழுந்தார். பாட்டு நின்றது. தபேலாக்காரர் தபேலாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். மண்டிக்காரர் மகன் திகைத்துப்போய் நின்றான்.

நான் மேடைக்கு ஓடினேன். எதற்கு வருகிறேன் என்று பாடகருக்குப் புரிந்திருக்க வேண்டும். மைக்கை நீட்டினார்.

“போலீஸும் இல்ல, ஒண்ணும் இல்ல! ஓடாதீங்க! பாட்டு புடிக்கலன்னு எங்க பசங்கதான் எழுந்தாங்க!”

என் குரல் நாலு ஸ்பீக்கரிலும் எனக்கே கேட்டது. ஓடியவர்கள் நின்று திரும்பினார்கள்.

“பாட்டு புடிக்கலன்னா வூட்டுக்குப் போய் படுக்கறதுதான? எங்க உசுரே போயிட்டுது!” என்று அதே பெண் மண்டிக்காரர் மகனைப் பிடித்துக்கொண்டாள். “உக்காருடா முதல்ல!”

உட்கார்ந்தான். அவனைப் பார்த்து மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகுதான் ஜனங்களுக்குப் பயம் தெளிந்தது.

“அதே பாட்ட முதல்லேந்து பாடுங்க,” என்று பாடகரிடம் மெல்லச் சொன்னேன். மைக் என் கையில் இருந்ததை மறந்துவிட்டேன். ஊரே சிரித்தது. அவர் பாடினார். மறுபடி எழுந்திருக்கத் துணிவில்லாமல் எங்கள் ஆட்கள் கடைசிப் பாட்டு வரை கேட்டார்கள். குழுத் தலைவர் அன்றே அவரிடம், நாளைக்கு ஒத்திகைக்கு வந்துவிடு என்றார்.

திரும்பும் வழியில் மண்டிக்காரர் மகன் சைக்கிளைக் குறுக்கே நிறுத்தினான். “இத்தினி வருஷம் வாயத் தொறக்காதவன், எங்கள காட்டிக் குடுக்கத்தான் தொறந்தியா?”

“அடுத்த கச்சேரிக்கும் வருவேன்,” என்றேன். “அவருதான் பாடுவாரு. எழுந்துக்கணும்னா நீங்க எழுந்துக்கோங்க.”

ஆறு மாதம் யாரும் என்னோடு பேசவில்லை. தையற்காரன் மட்டும் ஒவ்வொரு கச்சேரிக்கும் என் கூடவே சைக்கிள் மிதித்து வந்தான். மண்டிக்காரர் மகன் இன்றைக்கும் பழையவர்தான் பாடகர் என்கிறான். டீக்கடையில் அதற்குப் பதில் சொல்லத் தொடங்கினால் குறுக்கே பேசுவார்கள், நான் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதினேன். முடித்தது மாசி மாதம் பதினொன்றாம் தேதி.