கீழ்வரிசைக்குத் தண்ணீர் இல்லை

எல்லைக் கோடு போட்டவன் யாரோ, அவன் இந்த மலையில் ஏறிப் பார்த்திருக்க மாட்டான் என்று அடித்துச் சொல்லலாம். ஏறியிருந்தால், ஒரே சரிவில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும் இரண்டு வரிசை வீடுகளுக்கு நடுவே, குடை விரித்தால் இடிக்கிற ஒரு சந்துதான் எல்லை என்று வரைந்திருப்பானா? சந்துக்கு மேலே ஓர் ஊராட்சி, கீழே வேறு ஊராட்சி, வேறு வட்டம். மேல்வரிசைக்காரர் ஒரு சான்றிதழ் வாங்க நடந்தே போய் வந்துவிடுவார். கீழ்வரிசைக்காரர் பள்ளத்தாக்கைச் சுற்றிக்கொண்டு பஸ் மாறிப் போக வேண்டும், போனால் அதிகாரி வெளியே போயிருப்பார். தண்ணீர் மட்டும் இரண்டு பக்கத்துக்கும் மேல் ஊராட்சியின் ஒரே தொட்டியிலிருந்து வந்தது. அதைத் திறந்து மூடுகிறவள்தான் வால்வுக்காரி.

புருஷன் பார்த்த வேலை அது, அவர் போன பிறகு இவள் தலையில் விழுந்தது. உச்சிப் பாறைமேல் தொட்டி, அதன் பக்கத்தில் வால்வுக் குழி, கையில் ஓர் இரும்புச் சாவி. திருகுவதில் ஒரு கஷ்டமும் இல்லை, வாங்கிக் கட்டிக்கொள்வதுதான் பெரும்பாடு. தண்ணீர் கொஞ்சம் தாமதமானால் போதும், கீழ்வரிசை மொத்தமும் குடத்தோடு ஏறி வந்து அவளைக் கிழிகிழியென்று கிழிக்கும். ஆபீசில் புகார் சொல்லலாம் என்றால் அது அவர்கள் ஆபீசே இல்லை, பாவம், வேறு எங்கே போவார்கள்? நேராக மேலே வந்து திட்டிவிட்டுப் போவது அங்கே வழக்கமாகிவிட்டது.

அப்படி வராத ஒரே ஆள் அவளுடைய அக்கா. கீழ்வரிசையில் கடைசி வீடு, தனிக்கட்டை. அம்மா இல்லாத வீட்டில் இவளுக்குத் தலைவாரி, சோறூட்டி ஆளாக்கியவள். குழாயடியில் யாராவது வால்வுக்காரியைப் பற்றி வாயைத் திறந்தால், “என் தங்கச்சி காரணமில்லாம மூட மாட்டா” என்று ஒரே போடாகப் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள்.

அந்த வருஷம் ஒரு வாரம் மழை கொட்டித் தீர்த்தது. மேல் ஊராட்சி தன் ஜனங்களைப் பாறைமேல் இருந்த பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிவிட்டது. கீழ்வரிசைக்கு எந்த உத்தரவும் வரவில்லை. போன மழையில் அப்படிக் கிளம்பிப் போய், ஒன்றும் நடக்காமல் திரும்பி வந்தபோது, பல வீட்டில் பாத்திரம் பண்டம் காணாமல் போயிருந்தது. அதனால், எங்கள் ஆபீசரே வந்து சொல்லட்டும் என்று அவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். ஆபீசர் வர வேண்டிய சாலையில் மரம் விழுந்து கிடந்தது. இந்த லட்சணத்தில் அன்று காலை வெயில் வேறு பளீரென்று அடித்துத் தொலைத்தது.

வால்வுக்காரி குழிக்குள் இறங்கிப் பார்த்தாள். கீழ்வரிசைக்குப் போகும் குழாய், சிமென்ட்டுக் கட்டையிலிருந்து விரல் நுழையும் அளவுக்கு வெளியே இழுபட்டிருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போய் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் இடைவெளி இன்னும் கூடியிருந்தது. மண் கீழே நகர்கிறது, குழாயையும் சேர்த்து இழுக்கிறது.

ஊராட்சி எழுத்தருக்குப் போன் போட்டாள்.

“சார், கீழ்வரிசையையும் கிளப்பணும். குழாயே இழுபடுது.”

“நான் சொன்னா அவங்க நகர மாட்டாங்கம்மா. அது நம்ம லிமிட் இல்ல. அந்த ஆபீசுக்குக் காலையிலேருந்து அடிக்கிறேன், லைனே போகல. நீங்களாவது ஏதாவது பண்ணுங்கம்மா.”

ஏதாவது என்றால் என்ன? சந்துவரை ஓடிப்போய், கிளம்பச் சொல்லிக் கத்தினாள். கீழே ஒரு வாரத்து அழுக்குத் துணியெல்லாம் வாசலுக்கு வந்திருந்தது, எல்லாக் குழாயும் ஓடிக்கொண்டிருந்த இரைச்சலில் அவள் குரல் பாதி வீட்டுக்கு எட்டவில்லை.

“நல்லா வெயில் அடிக்குது, நீ வேற,” என்றாள் ஒருத்தி, சோப்புக் கையோடு. “தண்ணிய நிறுத்தாம விடு. அது போதும் எங்களுக்கு.”

அவள் சொல்லி வாய் மூடவில்லை, வால்வுக்காரிக்குப் பளிச்சென்று பட்டது. மூச்சிரைக்க மேலே ஏறினாள். சாவியை மாட்டினாள். மண் சரிந்து விழாவிட்டால் வேலை போகும், ஊர் முழுக்கப் பைத்தியக்காரி என்று பேர் வாங்குவாள். போனால் போகட்டும் என்று இறுக மூடினாள்.

வந்தார்கள். வராமல் இருப்பார்களா? முழங்கைவரை நுரையோடு பெண்கள், இடுப்பில் பிள்ளைகள், சண்டை முற்றப்போகிறது என்று பின்னாலேயே ஆம்பளைகள். நடக்க முடியாத கிழவரைக்கூட, அவர் வாய்க்காகவே தூக்கி வந்திருந்தார்கள். திட்டு மழை பொழிந்தது. அவள் சாவியைத் தொட்டிக்குள் போட்டாள். எடுக்காமல் ஒருவரும் இறங்கப் போவதில்லை என்பது அவளுக்குத் தெரியும். இரண்டு பேர் சட்டையைக் கழற்றிவிட்டுத் தொட்டிக்குள் குதித்தார்கள்.

அவள் முகம் முகமாகப் பார்த்தாள். எல்லா வீடும் வந்திருந்தது. அக்காவைக் காணோம்.

அக்கா எப்படி வருவாள்? தங்கச்சி காரணத்தோடுதான் மூடியிருப்பாள் என்று நம்பி உட்கார்ந்திருப்பாள். வால்வுக்காரிக்கு உயிரே போய்விட்டது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு கீழே ஓடினாள்.

அக்கா வாசலில் உட்கார்ந்து ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

“ஏண்டி இப்படி மூச்சு வாங்குது? மெதுவாத் திறந்து விடு, எனக்கு அவசரமில்ல.”

“மண்ணு நகருதுக்கா. எழுந்திரு.”

அக்கா ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. துணியை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். ஆனால் முழங்கால் பிடிவாதம் பிடித்தது. பாதி இழுத்து, பாதி தள்ளிச் சந்தைத் தாண்டிப் பாறைமேல் கால் வைத்தபோது, பின்னால் ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. அப்புறம் சத்தம் நிற்கவே இல்லை. திரும்பிப் பார்த்தபோது கீழ்வரிசையில் கடைசிப் பாதியைக் காணோம். இருந்த இடத்தில் சிவப்பு மண் வழிந்துகொண்டிருந்தது. தொட்டிக்குள் இருந்தவர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் அப்படியே நின்றார்கள்.

அக்கா மூச்சு திரும்பியதும் தங்கச்சி கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள்.

“எல்லாரையும்தான் மேல ஏத்திட்டியே. அப்புறம் நீ எதுக்குடி கீழ வந்தே?”

“நீதான் சண்டைக்கு வரலையேக்கா” என்று சொல்லும்போதே வால்வுக்காரிக்கு அழுகை வெடித்துவிட்டது.