டீச்சர் மடியில் ஒரு குளம்

பூம்பாறையில் பஸ் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்த டீச்சரின் மடியில் ஒரு பலகை இருந்தது. அதில் சிந்துவெளி மக்களின் வயலும் வாய்க்காலும் குளமும் களிமண்ணில் செய்யப்பட்டிருந்தன. குளத்தில் நிஜத் தண்ணீர். ஒவ்வொரு வளைவிலும் பலகையைத் தூக்கி மட்டமாகப் பிடித்துக்கொண்டார்.

"தண்ணிய கோடைக்கானலுக்குப் போயி ஊத்திக்கிறலாமே டீச்சர்?"

"மண்ணு காஞ்சா வெடிச்சிரும்க்கா. பிள்ளைக செஞ்சது, இன்னைக்குக் கண்காட்சி."

அடுத்த வளைவில் குளத்தின் கரை உடைந்து தண்ணீர் வயலுக்குள் பாய்ந்தது. பூண்டு வயலில் மடை அடைத்துப் பழகிய என் கை, தானாகவே போய் உடைப்பை அடைத்தது.

டீச்சர் சிரித்தார். "அந்தக் காலத்துலயும் யாராச்சும் இப்பிடித்தான் ஓடியாந்திருப்பாக, இல்லக்கா?"

நான் இறங்க வேண்டிய என் தங்கை ஊர் வந்து பஸ் நின்றது.

"ஏக்கா, எறங்கலயா?" என்றார் கண்டக்டர்.

கையை எடுக்காமலே, கோடைக்கு ஒரு டிக்கெட் கேட்டேன்.