தம்பிக்கு ஒரு மெழுகுவத்தி

நாற்பது நாளைக்கு முன்னால், பெரம்பலூரில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்குத் தந்தி வந்தது. அருளப்பன் சார் தவறிவிட்டார். அரியலூரில் ஒரே பள்ளியில் அவர் ஆங்கிலமும் நான் வரலாறும் பதினோரு வருஷம் நடத்தினோம். தங்கமான மனிதர் என்று அவரைத் தெரிந்த எல்லோரும் சொல்வார்கள். நானும் போன வாரம் வரை அப்படித்தான் சொன்னேன்.

பாதிரியாராவதற்குக் குருமடத்தில் படித்துப் பாதியில் வெளியே வந்தவர். அங்கே கற்ற கிரேக்கம் மட்டும் அவரை விடவில்லை. எகிப்து மணலுக்குள் கிடைத்த பழைய கிரேக்கக் கடிதங்களைப் பற்றி ஆசிரியர் அறையில் ஓயாமல் பேசுவார். பாப்பிரஸ் என்ற நாணல் தாளில் சாதாரண ஜனங்கள் எழுதியவை. "எண்ணெய் அனுப்பு, துணி அனுப்பு, ஏன்டா பதில் போடலன்னு ஒரே சண்டைங்க டீச்சர். நம்ம தா.பழூர்க்காரன் எழுதுன மாதிரியே இருக்கு" என்று சிரிப்பார். அவற்றில் துக்கம் விசாரிக்கும் கடிதங்களும் உண்டு என்று மட்டும் அவர் சொன்னதில்லை.

என் மகள் ஒன்பது வயதில் மஞ்சள் காமாலையில் போனாள். கோடை விடுமுறை. வந்தவர்கள் எல்லாம் எனக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போனார்கள். சார் தன் ஊரிலிருந்து இன்லேண்டு லெட்டர் போட்டிருந்தார். 'என் தம்பிக்காக அழுதது போலவே உங்கள் மகளுக்காகவும் அழுதேன். சாவின் முன்னால் மனிதர்களால் ஆவது ஒன்றுமில்லை. ஒருவருக்கொருவர் ஆறுதலாக இருங்கள்.' அவ்வளவுதான். துக்கக் கடுதாசியைப் படித்ததும் கிழித்துவிடுவது எங்கள் வழக்கம். "கிழிச்சிப் போடும்மா, வூட்டுக்கு ஆவாது" என்றார் மாமியார். நான் கிழிக்கவில்லை. தம்பியைப் பறிகொடுத்த ஒருவர் எனக்காக அழுதிருக்கிறார் என்பதைப் பிடித்துக்கொண்டுதான் ஜூன் மாதம் வகுப்புக்குப் போனேன்.

தம்பியைப் பற்றி அவரிடம் கேட்டதில்லை. புண்ணைக் கிளற வேண்டாமே என்றுதான். ஆனால் கல்லறைத் திருநாளுக்கு முதல் நாள் வருஷா வருஷம் ஒரு மெழுகுவத்தி கொடுப்பேன். "உங்க தம்பிக்கு ஏத்திடுங்க சார்." வாங்கிக்கொண்டு, "சரிங்க டீச்சர்" என்பார். ஏழு வருஷம் வாங்கிக்கொண்டார்.

சாருடைய முப்பதாம் நாள் பூசைக்குப் போனபோது, தம்பியின் கல்லறை எது என்று அவர் மனைவியிடம் கேட்டேன்.

"ஏது தம்பிங்க டீச்சர்? அவுங்க ஒத்தப் புள்ளயாச்சே" என்றார்.

கிளம்பும்போது, "உங்களுக்குத்தான் இது புரியும், எடுத்துட்டுப் போங்க" என்று சாருடைய புத்தகம் ஒன்றையும் கொடுத்தார். கிரேக்கக் கடிதங்களின் ஆங்கிலப் பதிப்பு. பஸ்ஸில் புரட்டினேன். பிள்ளையை இழந்த வீட்டுக்கு ஒரு பெண் எழுதிய கடிதம் இருந்தது. கிட்டத்தட்ட எனக்கு வந்த வரிகள்தான். தன் வீட்டில் செத்தவன் பெயரைச் சொல்லி, அவனுக்காக அழுதது போல அழுதேன் என்கிறாள் அவள். அந்தப் பெயரைப் பென்சிலால் அடித்துவிட்டு, மேலே 'தம்பி' என்று சார் எழுதியிருந்தார்.

சொந்தமாக எழுத வரவில்லை என்றால், எங்கிருந்து எடுத்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்போதும் அதைப் பத்திரமாக வைத்திருப்பேன். அந்த மெழுகுவத்திகளை வாங்கிக்கொண்டாரே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

சாருடைய தாயார் நடமாட்டம் இல்லாமல் அரும்பாவூரில் தன் தங்கை வீட்டில் இருக்கிறார். "அத்தைக்கு நாலு வரி எழுதிப் போடுங்க டீச்சர். நீங்களும் புள்ளயப் பறிகுடுத்தவங்க" என்று அவர் மனைவி கேட்டிருந்தார். நேற்று உட்கார்ந்தேன். அவர்மேல் இருந்த ஆத்திரத்தில் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. எனக்கென்று ஒரு சொல்லும் வரவில்லை. கடைசியில், 'என் மகளுக்காக அழுதது போலவே உங்கள் மகனுக்காகவும் அழுதேன்' என்று எழுதித் தபாலில் சேர்த்தேன். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியது அந்தப் பொய் ஒன்றுதான். அந்தத் தாய் அதை நம்ப வேண்டும்.