பரீட்சை நேரத்தில் உள்ளே வந்த கை

பரீட்சை எழுதும் அறையில் வேறு யாரும் இருக்கக்கூடாது என்று மின்னஞ்சலில் போட்டிருந்தார்கள். அதை எழுதியவருக்கு லயம் என்றால் என்னவென்று தெரியாது. புசல்லாவைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வரிசையில், எங்கள் வீடு ஒரே அறை, ஒரு காம்பரா. அதில் ஐந்து பேர்.

கண்டிப் பக்கம் நான் படித்த பல்கலைக்கழகம், ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இணையத்தில் ஒரு பாடம் நடத்தியது. நல்ல புள்ளி எடுத்தால் ஒரு செமஸ்டர் அங்கேயே போய்ப் படிக்கலாம். எங்கள் தோட்டத்திலிருந்து வீட்டு வேலைக்குப் பிளேன் ஏறியவர்கள் நிறையப் பேர். படிக்க ஏறியவர் ஒருவரும் இல்லை. எனக்கு அந்த இடம் வேண்டும். வேறு எதையும்விட வேண்டும்.

பரீட்சைக்கு முந்தின வாரம் ஊழியர் வேலைநிறுத்தம். விடுதியை மூடிவிட்டார்கள். வீட்டிலிருந்து எழுதுங்கள், அதற்குத்தானே தொழில்நுட்பம் என்றார்கள்.

அன்று மத்தியானம் அம்மா கொழுந்து பறிக்கப் போயிருந்தார். அப்பாவையும் தம்பிகளையும் மழையோடு வெளியே அனுப்பினேன். சுவருக்கு அந்தப் பக்கம், கொழுந்து பறித்து ஓய்ந்து வீட்டில் இருக்கும் பெரியம்மாவிடமும் முன்கூட்டியே சொன்னேன்.

"ரெண்டு மணி நேரம் யாரும் உள்ள வரக்கூடாது பெரியம்மா. கம்பியூட்டர் பாத்துக்கிட்டே இருக்கும்."

"நா எதுக்கு வாரேன்? அது என்ன, என்னையப் பொண்ணு பாக்கவா வந்திருக்கு?"

கதவைச் சாத்தினால் வெளிச்சம் போதாது என்று திரையில் எழுத்து வந்தது. ஜன்னல் கிடையாது. பாதிக் கதவைத் திறந்து வைத்தேன். எங்கள் லயத்தில் படிக்கிற பிள்ளைக்கு, எந்த வீட்டு அடுப்பில் தண்ணீர் கொதித்தாலும் ஒரு டம்ளர் தேத்தண்ணி வரும். யாரும் கேட்க வேண்டியதில்லை. அதை நான் மறந்துவிட்டேன்.

பெரியம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். உள்ளே வரவில்லை. கையை மட்டும் நீட்டி, சத்தமே இல்லாமல், மேசை ஓரத்தில் டம்ளரை வைத்துவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்துக் கடிதம் வந்தது. இரண்டாம் நபர் இருந்ததால் பரீட்சை ரத்து. கூடவே ஒரு படம். பெரியம்மாவின் கையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள். அதே பாடத்தின் இணையப் பக்கத்தில், முகப்பிலேயே, கொழுந்து பறிக்கும் பெண்களின் படம் இருக்கிறது. அவர்களின் கை விளம்பரத்துக்கு ஆகும். எனக்குத் தேத்தண்ணி தந்தால் களவு.

பாடத்துக்குப் பொறுப்பான விரிவுரையாளர் யாழ்ப்பாணத்தவர். அவரிடம் போனேன்.

"நீர் ஏன் கதவைப் பூட்டேல்லை?"

"பூட்டுனா வெளிச்சம் பத்தல சேர்."

"சொன்னா அந்த வெளிநாட்டு ஆக்கள் நம்பமாட்டினம் பிள்ளை. ஒப்பந்தம் புதுப்பிக்கிற நேரம் வேற. அந்த மனுசி உமக்கு விடை சொல்லேல்லை எண்டு காட்ட வேணும்."

"அவங்களுக்குத் தமிழே வாசிக்கத் தெரியாது சேர்."

"அப்ப அதையே எழுதிக் கொண்டு வாரும். கிராம சேவகர் உறுதிப்படுத்தினா அனுப்பலாம்."

பெரிய உதவி செய்த முகத்தோடு சொன்னார். இரண்டு பல்கலைக்கழகம், இத்தனை கணினி, இத்தனை கலாநிதிகள். நான் களவெடுக்கவில்லை என்று காட்ட, ஒரு தொழிலாளி தன்னை எழுத்தறிவில்லாதவள் என்று சான்றிதழ் வாங்க வேண்டும்.

கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதி, பெரியம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். சிரித்தார்.

"இது ஊருக்கே தெரியுமே தாயி, இதுக்கு எதுக்குக் கடுதாசி? சரி, இதக் குடுத்தா ஒன்னைய விட்டுருவாங்கள்ல?"

கிராம சேவகரின் அலுவலகத்தில் கடிதத்தை வைத்ததும் பெரியம்மா பேனாவை எடுத்தார். அவருக்குத் தன் பெயரை மட்டும் எழுத வரும். தொழிற்சங்கத்தில் யாரோ சொல்லிக்கொடுத்தது. கைநாட்டு வைக்கிறவள் இல்லை நான் என்று லயத்தில் அதை வைத்து அலட்டுவார். கிராம சேவகர் பேனாவைத் திருப்பி வாங்கினார்.

"கையெழுத்துப் போட்டா எழுதத் தெரியும்னு ஆகிடுமே அம்மா. பெருவிரலை வைங்க."

பெரியம்மா என்னைப் பார்த்தார். அப்போது சிரிப்பு இல்லை.

எனக்கு அந்த இடம் கிடைத்தது. இரண்டு வரி மின்னஞ்சலில், விசாரணை முடிந்தது என்று மட்டும் இருந்தது. வருத்தம் என்று ஒரு சொல் இல்லை. அவர்களை இன்றைக்கும் வாய்க்கு வந்தபடி திட்டுகிறேன். ஆனால் அன்று பேனா வாங்கப்பட்ட பிறகு, மைப் பெட்டியைத் திறந்து பெரியம்மாவின் பக்கம் நகர்த்தியவள் நான்.