பாவம் பார்த்து ஊற்றிய தண்ணீர்

அந்தக் குடியிருப்பில் அவளுக்கு ‘ச்சீ அக்கா’ என்று பெயர். யாராவது தும்மினால் ச்சீ, மாடிப்படியில் முடி கிடந்தால் ச்சீ. பல் மருத்துவமனையில் உதவியாளர் வேலை. பொழுதெல்லாம் அடுத்தவர் வாயில் குழாயை விட்டு எச்சிலை உறிஞ்சுகிறவளுக்கு வேறு என்ன சொல் வரும்?

அவள் முகம் சுளிக்காமல் தொட்ட ஒரே இடம், வண்டி நிறுத்துமிடத்தை ஒட்டிய ஒரு துண்டு நிலம். சரளையும் மணலும் கொட்டி லாவெண்டர், சால்வியா, நித்தியகல்யாணி என்று நட்டிருந்தாள். வேர் பிடித்துவிட்டால் வருஷக்கணக்கில் நிற்கிற சாதி. முதல் வருஷமே தேனீயும் பட்டாம்பூச்சியும் மொய்த்தன. சங்கத் தலைவருக்கோ அதில் சிமெண்டு பூசி ஸ்கூட்டர் நிறுத்த ஆசை.

“இந்தக் கோடையைத் தாண்டிப் பூத்தா விட்டுடறேன். செத்துப் போச்சுன்னா பூசிடுவேன், அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது” என்றார். அவளும் சரி என்றாள்.

கோடை வந்ததும் செடிகள் வெளிறி, இலையைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்தன. அவற்றின் வழக்கமே அதுதான்; அப்போது வேரில் ஈரம் தங்கினால்தான் அழுகும். ‘தண்ணீர் ஊற்றாதீர்கள்’ என்று பலகை மாட்டினாள். பார்த்தவர்கள், என்ன கல்நெஞ்சு என்று உச்சுக்கொட்டினார்கள்.

ஒருநாள் நித்தியகல்யாணியின் தண்டு கையோடு வந்துவிட்டது. தோண்டினாள். வேரெல்லாம் கறுத்துக் கொழகொழத்திருந்தது. சொத்தைப் பல்லைத் திறந்தால் அடிக்கிற அதே நாற்றம். மணலில் டீத்தூள், மீன் செதில், யாரோ வாய் கொப்பளித்துத் துப்பிய பற்பசை நுரை. அடுத்தது, அதற்கடுத்தது, எல்லாமே அழுகல்.

“யாரு ஊத்தினது?” மாடிப்படியே அதிரும்படி கத்தினாள்.

முதல் மாடி டீச்சர் எட்டிப் பார்த்தாள். “ஒரே ஒரு மக்குதான் அக்கா. மீன் கழுவின தண்ணி, சத்துன்னு சொன்னாங்க. பார்க்கவே பாவமா இருந்துச்சு.”

“நானும் ஒரு மக்குதாம்மா” என்றார் எதிர்வீட்டுத் தையல்காரர்.

வீட்டுக்கு வீடு ஒரு மக்கு. கடைசியில் கட்டின புருஷனே தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். “மிச்ச டீயைத்தான்... நீ ஆசையா வச்சது, காஞ்சிடுமோன்னு...”

“நீங்களுமா? ச்சீ!”

“நான் போர்டைப் படிச்சேம்மா, ஒரு சொட்டு ஊத்தலை” என்றார் தலைவர். மனுஷன் சொன்னது உண்மைதான். அதுதான் அவளுக்கு இன்னும் குமட்டியது.

கொத்தனார் சிமெண்டு மூட்டையோடு வந்த அன்று குடியிருப்பே கீழே கூடிவிட்டது. டீச்சருக்குக் கண் கலங்கியிருந்தது.

“தலைவரே, இந்த ஒரு தடவை விட்டுடுங்க. பாவம் சார், அக்கா.”

“ஆமா, பாவம்” என்று தையல்காரர் பின்பாட்டுப் பாடினார். புருஷனும் தலையாட்டினான். தலைவர்கூட இளகிப்போய் அவளைப் பார்த்து உச்சுக்கொட்டினார். “சரி விடுங்க. பாவம், இன்னொரு வருஷம் வச்சுப் பார்க்கட்டும்.”

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. மீன் தண்ணீரையும் டீயையும் தன் தலையிலேயே கொட்டுகிறார்கள் போலிருந்தது.

“செடிக்கு ஊத்தினது போதும். என் மேலயும் ஊத்தாதீங்க” என்றாள். கொத்தனார் பக்கம் திரும்பினாள். “நீங்க கலக்குங்கண்ணே.”