தண்ணீரில் வைத்த கரி

எங்கள் சாப்பாட்டறை யன்னலோரம் வாய் அகன்ற ஒரு கண்ணாடிப் போத்தல் இருக்கிறது. உள்ளே தண்ணீர். தண்ணீருக்குள் உள்ளங்கையளவு பழுப்பு நிறக் கட்டி ஒன்று. முதல்முறை பார்ப்பவர்கள் மருந்துவேர் என்று நினைப்பார்கள். உற்றுப் பார்த்தால் மரத்தின் வரிகள் தெரியும். மரமாக இருந்து மண்ணுக்குள் அமிழ்ந்து, நிலக்கரியாக மாறிக்கொண்டிருந்த வேளையில் வெட்டி எடுக்கப்பட்டது அது. காற்றுப்பட்டுக் காய்ந்தால் வெடித்து உதிர்ந்துவிடும் என்பதால், அம்மாவுக்குப் பிறகு நான்தான் தண்ணீர் குறையவிடாமல் இத்தனை வருடமும் பார்த்து வந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை மகள், கணவனோடு தானும் சாம்பியாவுக்குப் போவதாகச் சொன்னாள். அதன் பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை. இன்று காலை பார்த்தபோது கட்டியின் ஒரு முனை தண்ணீருக்கு மேலே வெளிறித் தெரிந்தது.

அதைக் கொண்டுவந்தவர் அத்தான், என் அக்காவின் கணவர். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருவார். பெண்பிள்ளை பிறந்த நாளிலிருந்தே பெற்றவர்களுக்கு வீட்டு யோசனை தொடங்கிவிடும். அப்பா போன பிறகு, அம்மா ஒற்றை ஆளாக நின்று குருக்கள்மடத்தில் எங்கள் வளவுக்குப் பக்கத்திலேயே அக்காவுக்கு ஒரு கல்வீடு கட்டினார். அந்த வீட்டில் அத்தான் முழுதாக நாலு மாதம்கூட இருக்கவில்லை. களுவாஞ்சிக்குடிக்காரர். தெற்கே ஆற்றை மறித்து அணை கட்டிய காலத்தில் தண்ணீர்ப் பம்பிகளைப் பார்க்கப் பழகியவர். அந்தப் பழக்கத்தை நம்பி, தென்னிந்தியாவில் புதிதாக வெட்டத் தொடங்கிய பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்கு அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். சுரங்கம் என்றால் குகை இல்லை. மேல்மண்ணை அகற்றிவிட்டு வெட்டவெளியில் தோண்டும் குழி. அந்தக் கரியை எரித்துப் பக்கத்திலேயே மின்சாரம் எடுத்தார்கள்.

குழி என்றதும் அம்மாவுக்கு விளங்கியது குளம்தான். அதில் அவரைப் பிழை சொல்ல முடியாது. அணை கட்டப் போன ஆண்கள் எல்லாரும் அணை முடிந்ததும் ஊர் திரும்பியதைக் கண்ணால் கண்டவர். வெட்டுகிற வேலை என்றாவது ஒருநாள் முடியத்தானே வேண்டும்? தபாற்காரரிடம் கேட்பார், என்னோடு வேலை செய்தவர்களிடம் கேட்பார், இந்தியாவுக்குப் போய்வந்த புடவை வியாபாரியிடம்கூடக் கேட்பார்: "அந்தக் குழி எப்ப தோண்டி முடியுமாம்?" இது ஊருக்குள் பகிடியாகிவிட்டது. முன்வீட்டு மாமி வேலிக்கு மேலால் தலையை நீட்டுவார்.

"என்ன கா, உன்ட மருமகன் வெட்டுற குளத்துக்குத் தண்ணி வழிய வான் கட்டியாச்சா? எங்கட வயல் வட்டைக்கும் கொஞ்சம் தண்ணி விடச் சொல்லன்."

"கட்டினா முதல் தண்ணி உனக்குத்தான் கா. வாய் மட்டும் முங்கிக் குளி."

முதல் லீவில் வந்தபோதுதான் அத்தான் அந்தப் போத்தலைக் கொண்டுவந்தார். அவர் களுவாஞ்சிக்குடிக்குத் தாயைப் பார்க்கப் போயிருந்த நேரத்தில், நனைந்து கிடக்கிறதே என்று அம்மா கட்டியை வெளியே எடுத்துச் சுளகில் போட்டு வெயிலில் வைத்துவிட்டார். மத்தியானத்துக்குள் அது பாளம் பாளமாக வெடித்துப் பாதி உதிர்ந்துபோனது. திரும்பி வந்த அத்தான் மிச்சத்தைப் பொறுக்கித் தண்ணீருக்குள் போட்டுக்கொண்டே சிரித்தார். "மாமி, இது தண்ணிக்குள்ளயே கிடந்த சாமான். வெயில் தாங்காது."

"எரிக்கிற சாமான நனைச்சு வைக்கிற ஊரும் இரிக்கா மருமகன்?" என்றார் அம்மா. ஆனால் அன்றிலிருந்து போத்தலுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையை வேறு யாருக்கும் விடவில்லை.

மூன்றாம் வருடம் அம்மாவின் பொறுமை போய்விட்டது. நான் அப்போது அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞன். என் மகள் கைக்குழந்தை. அக்காவை அங்கே கூட்டிப்போய், அத்தானைக் கையோடு அழைத்து வரும்படி அம்மா சொன்னார். "அவள் அழுதா வந்திருவார். அழாட்டி நீ அழு" என்பதுதான் எனக்குத் தந்த உத்தரவு. தலைமன்னாரில் கப்பலேறி, பிறகு ரயில் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தோம்.

மறுநாள் காலை அத்தான் எங்களைக் குழியின் விளிம்புக்குக் கூட்டிப்போனார். நான் அதுவரை பார்த்த பெரிய பரப்பு எங்கள் வாவிதான். அதை வற்றவைத்து, இன்னும் பல தென்னை உயரத்துக்கு ஆழமாக்கினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. கரைகள் படிப்படியாக இறங்கின. மேலே செம்மண், அதற்குக் கீழே வெண்மணலும் களியும், அடியில் கரும்பழுப்பாகக் கரி. வீடு உயரச் சக்கரம் ஒன்று தன்னைச் சுற்றிலும் பொருத்திய வாளிகளால் மண்ணைக் கடித்து, ஓடுகிற நீண்ட பட்டையில் துப்பிக்கொண்டிருந்தது. கீழே லொறி புறப்பட்ட சத்தம் எங்களிடம் வந்து சேர்ந்தபோது லொறி கொஞ்சம் நகர்ந்துவிட்டிருந்தது. எங்களைச் சுற்றிலும் பம்பிகள். ஒரு குழாயில் அக்காவின் கையைப் பிடித்து வைத்தார் அத்தான். அது துடித்தது.

"கரிக்குக் கீழ ஊற்றுத்தண்ணி அமுக்கத்தோட நிக்குது. இரவு பகலா இறைச்சுக்கொண்டே இருக்கோணும். விட்டா அடி பொங்கி மேல வந்திரும். அம்பிட்டுப் பேரும் கீழதான் நிக்கிறாங்க" என்றார்.

அம்மாவின் கேள்வியை நான் கேட்டேன். அவர் எதிர்க்கரையைக் காட்டினார். வெட்டிய மண்ணைக் கரி எடுத்து முடிந்த பக்கத்தில் கொட்டி நிரப்பிக்கொண்டிருந்தார்கள். "முன்னுக்கு வெட்டி வெட்டிப் போவாங்க, பின்னுக்கு மூடி மூடி வருவாங்க. இது முடியிற குழி இல்ல மச்சான். நடக்கிற குழி."

அக்கா அழவில்லை. நானும் அழவில்லை. ஒரு மாதம் இருந்தோம். அத்தானின் குவாட்டர்ஸில் மின்விளக்கு இருந்தது. முதல்நாள் அக்கா அதைப் போட்டும் அணைத்தும் பார்த்தாள். பிறகு பழகிவிட்டாள். அத்தான் வேலை முடிந்து வரும் நேரத்துக்குச் சோறு ஆக்கினாள். அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு எங்கள் ஊர்ப் பிட்டு அவிக்கப் பழக்கினாள். புறப்படும் நாள் காலையில் பார்த்தால் என் பெட்டி மட்டும் கட்டிக் கிடந்தது.

"நீ போ தம்பி. நான் இவரோட நிக்கிறன்."

"அம்மாட்ட என்ன சொல்ல?"

"உனக்குத்தான் எழுத்து வேலை. யோசிச்சுச் சொல்லு."

வழி முழுக்க யோசித்தேன். எங்கள் ஊரில் புருசன் வீட்டோடு போய்விட்ட பெண் என்று அதுவரை யாரும் இல்லை. நான் தனியாகப் படலையைத் திறந்து வந்ததை அம்மா குசினி வாசலில் நின்று பார்த்தார். எனக்குப் பின்னால் யாரும் வருகிறார்களா என்றும் பார்த்தார்.

"எப்ப மனே முடியும்?"

"ரெண்டு வருசம்தான் அம்மா. முக்கால்வாசி தோண்டியாச்சு."

"மருமகன் சொன்னவரா?"

"ஓம்."

அம்மா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி மனே, முகத்தைக் கழுவிப்போட்டுச் சாப்பிட வா" என்றார். உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் எடுத்துவந்து போத்தலை நிரப்பினார்.

இரண்டு வருடம் போனது. இன்னும் இரண்டு போனது. லீவுக்கு வந்த அக்காவும் அத்தானும் திரும்பிப் போனார்கள். கண்மூடும் வரை வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மா அந்த வெற்று வீட்டைக் கூட்டி விளக்கு வைத்தார். குழி எப்போது முடியும் என்று மட்டும் அதன் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை. என்னிடம் இல்லை, தபாற்காரரிடமும் இல்லை. என் பொய்யை நம்பி நிம்மதியாகிவிட்டார் என்று நான் நினைத்திருந்தேன். நல்ல காரியம் செய்ததாகக்கூட எண்ணியிருந்தேன்.

மகளுக்கு நாவற்குடாவில் வீடு கட்டிக் கொடுத்து ஏழு மாதம். கதவுகளில் இன்னும் பெயின்ற் மணம் போகவில்லை. மருமகன் பொறியியலாளர். சாம்பியாவில் ஒரு செப்புச் சுரங்கத்தில், அதுவும் திறந்த குழிதான், வேலை கிடைத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவள் தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, என்னைப் பாராமல் மேசை விரிப்பை நீவிக்கொண்டே சொன்னாள்: "ரெண்டு வருசம்தான் அப்பா. ஒப்பந்தம் முடிஞ்சோடன வந்திருவம்."

அந்தக் குரலை நான் அறிவேன். குசினி வாசலில் ஒரு பெட்டியோடு நின்ற என் குரல் அது. கேட்கிறவருக்கு அதிலிருக்கும் பொய் எவ்வளவு தெளிவாகக் கேட்கும் என்பது இத்தனை வருடம் எனக்குத் தெரியாமல் போயிற்று. அன்று வயிறு சரியில்லை என்று எழுந்து போய்விட்டேன்.

இன்று காலை அவள் வந்தாள். வாசலிலேயே நின்று, "கோவமா அப்பா?" என்றாள்.

"ரெண்டு வருசம்தானே பிள்ள. சரி. சாவியைத் தந்திட்டுப் போ, வெள்ளிக்கிழமையில கூட்டி விடுறன்" என்றேன்.

பிறகு உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் எடுத்துவந்து, கட்டியின் முனை மறையும் வரை ஊற்றினேன்.